அறவியல் கற்க எந்த வழி? கல்லூரிப் பாடம், இணைய வகுப்பு, பயிற்சி மையம், மொட்டை மாடிக் குழு

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

முதலாவது ஆள், சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கும் பி.காம். மாணவி. "அக்கா, அடுத்த செமஸ்டர்ல விருப்பப்பாடமா எத்திக்ஸ் எடுக்கலாமுங்களா? அதெல்லாம் யூடியூப்லயே சும்மா கிடைக்குது, எதுக்கு ஒரு பேப்பரை வீணாக்கறேங்கறாங்க" என்றாள். அடுத்து, தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள். அவளுடைய வார்டில் ஒரு பெரியவருக்குப் புற்றுநோய். வீட்டாருக்குச் சொல்லியிருக்கிறார்கள், அவருக்குச் சொல்லவில்லை. "எனக்கு இது தப்புன்னு படுது அக்கா. ஆனா ஏன் தப்புன்னு கேட்டா சொல்ல வரல. இதுக்கு எங்க போய் என்ன படிக்கிறது?" என்று கேட்டாள்.

தப்பு என்று படுகிறது, ஏன் என்று சொல்ல வரவில்லை. அறவியல் பாடத்தின் தேவை இங்கேதான் தொடங்குகிறது. நல்லது கெட்டது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மனம் சொல்வதைக் காரணமாக மாற்றி, அந்தக் காரணம் தாங்குமா என்று தட்டிப் பார்க்கும் பழக்கம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதைக் கற்க நம் ஊரில் இருந்துகொண்டே நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் நடந்து பார்த்தவள் நான், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது

என் பார்வையில் இரண்டு கேள்விகள் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் ஒன்று சொன்னால் "ஏன்?" என்று திருப்பிக் கேட்க எதிரே ஓர் ஆள் இருக்கிறாரா? நீங்கள் எழுதியதை ஒருவர் படித்து, எங்கே வழுக்கினீர்கள் என்று குறித்துக் கொடுப்பாரா? இந்த இரண்டும் இல்லாத இடத்தில் அறவியல் பற்றிய செய்திகள் கிடைக்கும், யோசிக்கும் பயிற்சி கிடைக்காது.

அப்புறம், உங்களுக்குப் பிடிக்காத கருத்தை அதன் முழு பலத்தோடு கேட்க வாய்ப்பு உண்டா, நம் ஊர்ச் சிக்கல்களைப் பேச இடம் உண்டா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் செலவு. காசு மட்டும் இல்லை, நேரமும் மனவருத்தமும் அதில் சேரும்.

நான்கு வழிகளையும் ஒரே உரைகல்லில் தேய்த்துப் பார்க்க ஒரு கற்பனைச் சிக்கலை வைத்துக்கொள்வோம். சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கிலிருந்து (மரவள்ளி) ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகள் நிறைய. ஜவ்வரிசி பளிச்சென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்ப்பதால், சில இடங்களில் அனுமதியில்லாத ரசாயனம் கலந்து வெளுக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையும் அவ்வப்போது சோதனை செய்து பிடிக்கிறது. அப்படி ஓர் ஆலையில் கணக்கு எழுதும் ஒரு பையன் ரசாயன பில்லைப் பார்த்துவிடுகிறான். புகார் கொடுத்தால் முப்பது பேருக்கு வேலை போகலாம். அவன் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அந்தச் சம்பளத்தில்தான். அவன் என்ன செய்ய வேண்டும்?

பத்து பேரிடம் கேட்டால் பத்து பேரும் உடனே பதில் சொல்வார்கள். கவனமாக யோசிக்கத் தெரிந்தவர் முதலில் கேள்வியைப் பிரிப்பார். எந்த ரசாயனம், எவ்வளவு, உடம்பை என்ன செய்யும் என்பது தகவல் பற்றிய கேள்வி. அதை ஆய்வகத்தில்தான் கேட்க வேண்டும், விவாதித்துத் தீர்க்க முடியாது. தெரிந்தும் பேசாமல் இருப்பது பொய் சொல்வதற்குச் சமமா என்பது சொல்லின் பொருள் பற்றிய கேள்வி. முகம் தெரியாத வாங்குபவரின் உடல்நலமா, முகம் தெரிந்த தங்கையின் படிப்பா என்பதுதான் உண்மையான அறக்கேள்வி. இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டால் எவ்வளவு நேரம் பேசினாலும் ஊர் போய்ச் சேர மாட்டோம்.

கல்லூரிப் பாடம்

எம்.ஏ. படித்தபோது ஒரு பருவம் அறவியல் பாடம் எடுத்தேன். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பணக்காரர்கள் பிறருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களா என்று முதல் கட்டுரை. தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் 1972-இல் முன்வைத்த வாதம் அதற்கு அடிப்படை. குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் உங்கள் உடை பாழாகும், அவ்வளவுதான். இறங்குவது கடமை என்றால், தொலைவில் பட்டினியால் சாகும் குழந்தைக்குப் பணம் அனுப்புவது மட்டும் எப்படி வெறும் தர்மமாகும்? நான் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் திருப்பித் தந்த தாளில் "நிச்சயமாக", "கண்டிப்பாக", "யாரும் மறுக்க மாட்டார்கள்" என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். மொத்தம் ஒன்பது வட்டங்கள். அந்த ஒன்பது இடத்திலும் நான் காரணம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இன்றைக்கும் ஒரு மனு எழுதும்போதுகூட அந்தச் சொற்கள் வந்தால் கை நின்றுவிடுகிறது.

நல்ல வகுப்பின் பலம் இதுதான். டிராலிப் புதிரை எடுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் பிலிப்பா ஃபுட் எழுப்பி, பின்னால் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் விரித்த புதிர் அது. கட்டுப்பாடு இழந்த வண்டி ஐந்து பேரை நோக்கிப் போகிறது, தடம் மாற்றினால் ஒருவர் மட்டும் சாவார். மாற்றலாம் என்று பலர் சொல்வார்கள். ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தலாமா என்றால், அதே ஆட்கள் கூடாது என்பார்கள். இரண்டிலும் கணக்கு ஒன்றுதான். பிறகு எது மாறியது? இதற்கு வகுப்பில் மூன்று பேர் மூன்று காரணம் சொல்ல, ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டுக்கட்டை போட, நாம் கொள்கையைத் திருத்துவோம், இல்லையென்றால் தீர்ப்பைத் திருத்துவோம். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் விவரித்த முறையும் இதுவே. கொள்கைக்கும் தீர்ப்புக்கும் இடையில் போய்ப் போய் வந்து இரண்டையும் பொருத்துவது.

அறவியல் படித்தால் நடத்தை மாறுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஓர் ஆய்வு. கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகத்தில் 1,143 மாணவர்களை வைத்து நடந்து, 2020-இல் வெளியானது. ஒரு பாதிப் பேர் இறைச்சி உண்பதன் அறம் பற்றிப் படித்து விவாதித்தார்கள், மறுபாதி நன்கொடை பற்றி. அதன் பிறகு வளாக உணவகங்களில் முதல் குழுவினர் வாங்கியவற்றில் இறைச்சியின் பங்கு 52 சதவீதத்திலிருந்து 45-ஆகக் குறைந்தது. மற்றக் குழுவில் மாற்றமில்லை. இறைச்சி சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. வகுப்பறை விவாதம் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போயிருக்கிறது என்பதே எனக்கு வியப்பு.

சரி, மறைந்திருக்கும் செலவு என்ன? பெயரில் அறம் இருக்கும் எல்லாப் பாடமும் யோசிக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. மேல்நிலை வகுப்பில் "அறவியலும் இந்தியப் பண்பாடும்" என்று ஒரு பாடம் உண்டு. பல கல்லூரிகளில் மதிப்புக் கல்வி கட்டாயம். மரபுகளையும் சமயங்களையும் தெரிந்துகொள்ள அவை உதவும், ஆனால் பெரும்பாலும் மனப்பாடம் செய்து எழுதுவதோடு முடிந்துவிடும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒன்பது சிவப்பு வட்டம் போட எந்த ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும்? அதனால் சேருவதற்கு முன் பழைய வினாத்தாளை வாங்கிப் பாருங்கள். "வரையறு", "வகைகளை விளக்கு" என்றே இருந்தால் அது வேறு பாடம். "இந்த வாதத்தை மறுக்க", "உன் நிலையைக் காரணத்தோடு நிறுவு" என்று இரண்டு கேள்வி இருந்தாலும் போதும், தைரியமாக எடுக்கலாம்.

இன்னொரு செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பருவத்தின் நடுவில் ஒரு மூட்டம் வரும். எல்லா வாதத்துக்கும் எதிர்வாதம் இருக்கிறதே, அப்படியானால் எதுவும் சரியில்லை, எதுவும் தவறில்லை என்று தோன்றும். எனக்கு அது ஆறு வாரம் நீடித்தது. அந்த இடத்தில் பாடத்தை விட்டால் சேர்ந்ததைவிட மோசமான இடத்தில் நிற்பீர்கள். விடாமல் போனால், எல்லா எதிர்வாதமும் ஒரே பலம் உள்ளவை இல்லை என்று தெரிய ஆரம்பிக்கும்.

இணைய வகுப்பு

ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய வகுப்பு 12 பகுதிகளாக இலவசமாகக் கிடைக்கிறது. டிராலியில் தொடங்கி, 1884-இல் நடுக்கடலில் பசியால் வாடிய ஆங்கிலேய மாலுமிகள் தங்களோடு இருந்த பதினேழு வயதுப் பையனைக் கொன்று தின்ற வழக்குக்குப் போகும். அவ்வளவு பெரிய அரங்கில் மாணவர்களைப் பெயர் கேட்டுப் பேச வைப்பார். பார்க்க வேண்டிய வகுப்பு, சந்தேகமே இல்லை. நம் நாட்டில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் அறவியல் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையத் தளம் வழியாக வருகின்றன. படிக்கக் கட்டணம் கிடையாது, சான்றிதழ் வேண்டுமென்றால் 1000 ரூபாய் கட்டி மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும்.

ஆனால் அங்கே வாராவாரம் வரும் பயிற்சிகள் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட் எந்தக் கொள்கையைச் சேர்ந்தவர் என்பதை அப்படிச் சோதிக்கலாம். சேகோ ஆலைப் பையனின் சிக்கலை அப்படிச் சோதிக்க முடியாது.

சாண்டலின் 12 பகுதிகளையும் இரவில் சமையல் வேலைக்கு நடுவே பார்த்து முடித்தேன். எல்லாம் புரிந்தது போலவே இருந்தது. கேள்வி வேறொருவரிடம் போகிறது, பதில் வேறொருவர் சொல்கிறார், நாம் தலையாட்டுகிறோம். நம்முடைய காரணத்தை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை என்பது தெரியாமலே பாடம் முடிந்துவிடுகிறது. இணைய வகுப்பின் மறைந்த செலவு அதுதான். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. மொழியோடு மல்லுக்கட்டுவதிலேயே வாதம் நழுவிப் போகும்.

இதற்கு ஓரளவு மாற்று இருக்கிறது. பேராசிரியர் கேள்வி கேட்டதும் நிறுத்திவிட்டு, உங்கள் பதிலையும் காரணத்தையும் ஐந்து வரி தாளில் எழுதுங்கள். பிறகு ஓட விடுங்கள். நேரம் இரண்டு மடங்காகும், ஆனால் பிடிப்பு வரும். ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கு, ஏற்காட்டில் எஸ்டேட் வேலை முடிந்து கீழே இறங்கி வகுப்புக்கு வர முடியாதவருக்கு, தொடக்கத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

குடிமைப்பணித் தேர்வுக்கான பயிற்சி

மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்று பொதுப்பாடம் நான்காம் தாள் இருக்கிறது. 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒரு பகுதி கோட்பாடு, மறு பகுதி சூழல் ஆய்வுகள். என் அண்ணன் மகன் அதற்குத் தயாரானபோது அவன் எழுதிய விடைகளைப் படித்துக் கொடுத்தேன்.

இதில் ஒரு நல்ல விஷயம், முடிவு எடுத்தே ஆக வேண்டும். யார் யார் பாதிக்கப்படுவார்கள், என்னென்ன வழிகள், ஒவ்வொன்றின் நன்மை தீமை என்ன, நீங்கள் எதைச் செய்வீர்கள் என்று வரிசையாக எழுத வேண்டும். கல்லூரியில் "இது சிக்கலான கேள்வி" என்று முடித்துத் தப்பிக்கலாம், இங்கே முடியாது. ஆனால் பயிற்சி மையங்கள் சொல்லித் தருவது பெரும்பாலும் ஓர் அச்சு. சேகோ ஆலைச் சிக்கலைக் கொடுத்தபோது, "முதலாளியிடம் எடுத்துச் சொல்வேன், கேட்காவிட்டால் முறையாகப் புகார் அளிப்பேன், தொழிலாளர்களுக்கு மாற்று வேலைக்குப் பரிந்துரைப்பேன்" என்று பத்து நிமிடத்தில் அழகாக எழுதிவிட்டான். "உன் தங்கை ஃபீஸ்?" என்றேன். "அதை எழுதினா மார்க் வராது அத்தை" என்றான். அறக்கேள்வி எங்கே இருந்ததோ, அதை மட்டும் அச்சு வெளியே தள்ளிவிட்டது.

காசு, விடுதி, சென்னைக்கோ கோவைக்கோ போகும் செலவு எல்லாம் சேர்த்தால் நான்கில் இதுவே விலை கூடியது. தேர்வு எழுதுகிறவர் போகட்டும். மற்றவர்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள்களை இறக்கிக்கொண்டால் போதும், சிக்கல்கள் நன்றாகவே தேர்ந்தெடுக்கப்பட்டவை.

ஐந்தாறு பேர் கூடிப் பேசுவது

எங்கள் மொட்டை மாடியில் மாதம் இரண்டு ஞாயிறு ஆறு பேர் கூடுகிறோம். டீயும் தட்டுவடை செட்டும் மட்டுமே செலவு.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒரு பெரிய சொத்து இருக்கிறது. குறளை அறிவுரையாக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம், வாதமாகவும் படிக்கலாம். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்கிறது 292-ஆம் குறள். பெற்ற தாயின் பசியைப் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது 656. ஒன்று விளைவைப் பார்க்கச் சொல்கிறது, மற்றது விளைவு எதுவானாலும் கூடாது என்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்க முடியுமா? கொலைகாரன் வாசலில் நின்று உன் நண்பன் எங்கே என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் கான்ட் எழுதியதை இதற்குப் பக்கத்தில் வைத்தோம். 292-இல் குற்றமற்ற என்ற பொருளில் வரும் "புரைதீர்ந்த" என்ற ஒரு சொல்லிலேயே அன்றைய மாலை கழிந்தது. நன்மை குற்றமற்றதா என்று யார் தீர்மானிப்பது, பொய் சொல்கிறவரா, கேட்கிறவரா? கணக்கு எழுதும் பையனையும் அன்றுதான் சரியாகப் பேசினோம். 656 அவனுடைய தங்கையைப் பற்றியும் பேசுகிறது என்று யாரோ சொன்னபோது எல்லோரும் சற்று நேரம் பேசவில்லை.

உள்ளூர் வரலாற்றிலும் பொருள் நிறைய இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. ஒருவன் தன் காசில் தன் வீட்டில் குடிப்பதை அரசு தடுக்கலாமா? பிறருக்குத் தீங்கு வராத வரை தடுக்கக்கூடாது என்பது ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த அளவுகோல். குழுவில் ஒருவர் அதை எடுத்துச் சொன்னதும், இதுவரை அதிகம் பேசாத ஓர் அம்மா கேட்டார்: "அந்த 'பிறர்'ல அவன் பொண்டாட்டி வருவாங்களா, மாட்டாங்களாங்க?" மில்லைப் பல வருடமாகத் தெரியும். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அதோடு விடவில்லை. வந்தால், அடிப்பதைத் தடுப்பதா குடிப்பதையே தடுப்பதா என்று அடுத்த கேள்வி பிறந்தது.

இதன் செலவுகள் தெரிய நாளாகும். சத்தமாகப் பேசுகிறவர் ஜெயிப்பார். ஒரே தெரு, ஒரே சாதி, ஒரே கட்சி ஆட்கள் கூடினால் ஒத்துப்போவதையே யோசிப்பு என்று நினைத்துக்கொள்வோம். வாதத்தில் ஓட்டை இருந்தால் காட்ட, படித்த ஆள் இல்லாமல் போகலாம். சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை பற்றிப் பேசிய அன்று எங்கள் நட்பே உடையப் பார்த்தது. 277 கிலோமீட்டர் சாலை, உறவினர் நிலம் போகவிருந்த ஒருவர், சாலை வந்தால் தொழில் வளரும் என்று நம்பிய ஒருவர். நிலமெடுப்பை 2019-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பாலும் மாற்றியதும் இரண்டு பேர் கையிலும் ஆயுதமாகின. சட்டப்படி செல்லுமா என்பதும் நியாயமா என்பதும் வேறு வேறு கேள்வி என்று பிரிக்க ஆள் இல்லை. ஒருவர் மூன்று மாதம் வரவில்லை.

அதன் பிறகு ஒரு விதி வைத்தோம். எதிர்த்தரப்பின் வாதத்தை நீங்கள் சொல்லி, அவர் "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்று ஒத்துக்கொண்ட பிறகே மறுக்கலாம். 1993-இல் ராபர்ட் லேடன்சன் அமெரிக்காவில் தொடங்கிய அறவியல் போட்டியைப் பற்றிப் படித்தும் ஒன்று எடுத்துக்கொண்டோம். அந்தப் போட்டியில் அணிகள் எதிர் எதிர் நிலைதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, யோசித்த விதத்துக்கே மதிப்பெண். கோபித்துப் போனவர் இப்போது தவறாமல் வருகிறார்.

ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | கல்லூரிப் பாடம் | இணைய வகுப்பு | பயிற்சி மையம் | நண்பர் குழு |
|---|---|---|---|---|
| "ஏன்?" என்று கேட்கும் ஆள் | ஆசிரியரைப் பொறுத்து | இல்லை | குறைவு | நிறைய |
| எழுதியதில் திருத்தம் | சிறிய வகுப்பில் நன்றாக | பெரும்பாலும் இல்லை | உண்டு, அச்சுக்கு ஏற்ப | நாமே ஏற்பாடு செய்தால் |
| எதிர்த்தரப்பின் முழு பலம் | வலுவாக | வலுவாக | மேலோட்டமாக | யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து |
| ஊர்ச் சிக்கல் | அரிதாக | இல்லை | நிர்வாகக் கோணத்தில் | இதுவே மையம் |
| வெளியே தெரியும் செலவு | பருவக் கட்டணம் | ஏறக்குறைய இல்லை | அதிகம் | டீ |
| மறைந்த செலவு | மனப்பாடப் பாடமாகிவிடலாம், நடுவில் வரும் மூட்டம் | புரிந்தது போன்ற நினைப்பு | முடிவு தெரிந்த யோசனை | நட்பில் விரிசல் |

யாருக்கு எது

பி.காம். பெண்ணிடம், வினாத்தாளைப் பார்த்துவிட்டு எடு என்றேன். பார்த்தாள். மறுக்கச் சொல்லும் கேள்வி மூன்று இருந்ததாம். வகுப்பில் இருபத்திரண்டு பேர். இப்படி ஒரு வாய்ப்பு இருக்கும்போது வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. இருபது வயதில் எழுதித் திருத்தம் வாங்கும் வாய்ப்பு அப்புறம் எளிதாக வராது. வகுப்பு பெரிது, கேள்விகள் மனப்பாடம் என்றால் அந்த விருப்பப்பாடத்தை வேறு எதற்காவது கொடுத்துவிட்டு, இணைய வகுப்பையும் நான்கு தோழிகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றது அடைக்கும். தனித்தனியாக இரண்டையுமே அவளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சித்தி மகளுக்கு வகுப்புக்குப் போக நேரமில்லை. ஒரு ஞாயிறு ஓய்வில் எங்கள் மாடிக்கு வந்து, பெயர் ஊர் எதுவும் சொல்லாமல் அந்தப் பெரியவர் விஷயத்தைப் பேசினாள். மறைப்பது பொய், பொய் தவறு என்றாள் முதலில். "அவரே முன்னாடி, 'எதா இருந்தாலும் என் பையன்கிட்ட சொல்லுங்க, எனக்கு வேண்டாம்'னு சொல்லியிருந்தா? அப்பவும் தப்பாம்மா?" என்று கேட்டார் ஒருவர். இல்லை என்றாள், உடனே. அப்படியானால் உறுத்துவது மறைத்தது இல்லை. வேறு என்ன என்று ஒரு மணி நேரம் தேடினோம். கிளம்பும்போது தன் கைப்பேசியில் ஒரு வரி எழுதிக்கொண்டாள்: "தெரிஞ்சுக்கணுமா வேண்டாமான்னு அவர்கிட்ட ஒருத்தரும் கேக்கல." மறுநாள் இரவு ஷிஃப்டில் அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டே படி இறங்கினாள்.